முப்பத்தொரு இலைச் சுதந்திரம்

உலகத்திலேயே அதிக தடவை சுதந்திரம் அடைந்த ஊர் திருகோணமலைதான். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. மற்ற ஊர்கள் ஒரேயொரு தடவை சுதந்திரம் அடைந்துவிட்டு அதையே வருடாவருடம் கொண்டாடிக்கொண்டிருக்கின்றன. எங்களுக்கு அந்தப் பஞ்சம் இல்லை.

1620இல் டென்மார்க்காரர் வந்தார்கள். ஒரு கோட்டைக்கு அத்திவாரம் போட்டுப் பார்த்தார்கள், என்ன நினைத்தார்களோ, போய்விட்டார்கள். அது முதலாவது சுதந்திரம். பிறகு போர்த்துக்கேயர் வந்தார்கள். அவர்களிடமிருந்து ஒல்லாந்தர் எங்களை மீட்டார்கள். ஒல்லாந்தரிடமிருந்து பிரான்சுக்காரர் மீட்டார்கள். பிரான்சுக்காரரிடமிருந்து மறுபடியும் ஒல்லாந்தர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து மீட்டார்கள். அதே வருடம் ஓகஸ்டில் பிரான்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து மீட்டார்கள். மீட்ட கையோடு எங்களை ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 1795இல் ஆங்கிலேயருக்கு மீட்காமல் இருக்க முடியவில்லை. 1948 பெப்ரவரி நாலில் நாடு முழுவதற்கும் சுதந்திரம் கிடைத்தது. ஆனால் எங்கள் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை தன்பாட்டில் இருந்தது. 1957 ஒக்டோபரில் அது போனபோது பத்தாவது சுதந்திரம். 1972இல் குடியரசு. மொத்தம் பதினொன்று.

மீட்கப்பட்டவர்களிடம் யாராவது அபிப்பிராயம் கேட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

இதுதான் எங்கள் கல்லூரிச் சுதந்திர தின விழாவுக்காக நான் தயாரித்த பேச்சு. கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையான ‘முள்ளு’விலும் இதையே ஒட்டியிருந்தேன். ‘முள்ளு’வுக்கு ஆசிரியர், நிருபர், பசை பூசுபவர் மூவரும் நான்தான். பெயர் சிந்துஜன், அன்புவழிபுரம்.

கட்டுரையை முதலில் வாசித்தவள் சனூஸா, மாணவர் சங்கச் செயலாளர், என் வகுப்பு. வாசித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

“பதினொரு தரம் சுதந்திரம் கிடைச்சும் ஒரு மரத்துக்குக் கூடு அடிக்க அனுமதி கிடைக்கல்லயே.”

அந்த மரத்தைப் பற்றித்தான் கதை.

எங்கள் கல்லூரி கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. கோட்டைக்குள் வாழும் புள்ளிமான்கள் விடிந்ததும் வெளியே வந்து, பஸ் நிலையத்தில் பேப்பர் தின்று, கடற்கரையில் படுத்தெழும்பி, எங்கள் வளவுக்குள் நுழைந்து, வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடாமல் வெளியேறும். பதினொரு சுதந்திரத்தையும் ஒன்றுவிடாமல் அனுபவிப்பவை அவைதான். அடிக்கவும் ஏலாது, சட்டம். அதட்டினால் நம்மைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு மென்றுகொண்டே நிற்கும்.

கொடிக்கம்பத்துக்கு வலப்பக்கத்தில் ஒரு குழி உண்டு. ஒவ்வொரு பெப்ரவரி நாலாம் திகதியும் பிரதம விருந்தினர் அந்தக் குழியில் ஒரு கன்று நடுவார். பெயர்ப்பலகை ஒன்று பக்கத்தில் ஊன்றப்படும். பத்து நாளுக்குள் மான் கன்றைத் தின்றுவிடும். அடுத்த வருடம் அதே குழி, வேறு விருந்தினர், வேறு பலகை. குழியை மாற்றுவதில்லை. ஏனென்றால் வளவில் மற்ற இடமெல்லாம் பாறை, குழியும் ஏற்கெனவே வெட்டியிருக்கிறது, படம் எடுக்க வெளிச்சமும் அங்குதான் நன்றாக விழும். மான் வாய் வைக்காமல் கன்றைச் சுற்றிக் கம்பிக் கூடு அடிக்க அனுமதி கேட்டு ஆறு வருடத்துக்கு முன் மேலிடத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இப்போது அங்கே பதினொரு பலகைகள் நிற்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் சின்ன மயானம் போல இருக்கும்.

போன வருடம் வந்த விருந்தினர் குலசிங்கம், கல்லூரிகளுக்குப் பொறுப்பான பணிப்பாளர். கறுத்தக்கொழும்பான் மாங்கன்று ஒன்றை நட்டு, மண்ணைத் தட்டி, கையைக் கழுவிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். கண்ணில் பட்டவர் முனாஸ் நானா.

முனாஸ் நானா கிண்ணியாக்காரர், எங்கள் காவலாளி. ஏழு வருடமாகத் தற்காலிகம். அவருடைய மூத்த மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பனின் தொழில் என்ற இடத்தை மட்டும் அவர் வருடாவருடம் பென்சிலால் நிரப்புவார். நியமனக் கடிதம் வந்தபிறகு பேனையால் எழுதலாம் என்று மனைவி ஜெஸீமாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். மகள் முதலாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்புக்கு வந்துவிட்டாள்.

“முனாஸ்,” என்றார் பணிப்பாளர், ஊர் முழுக்கக் கேட்க. “அடுத்த சுதந்திர தினத்துக்கும் நான்தான் வருவன். இந்த மரம் உயிரோட நிண்டா, அண்டைக்கே உம்மட நிரந்தர நியமனத்தில கையெழுத்து வைப்பன். இது என்ர வாக்கு!”

எல்லோரும் கைதட்டினார்கள். சனூஸா கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டாள். முனாஸ் நானா அன்று பின்னேரம் பேனை ஒன்று வாங்கினார்.

ஒன்பதாம் நாள் மான் வந்தது. இலையெல்லாம் போய், முழங்கால் உயரக் குச்சி ஒன்று மிஞ்சியது. குச்சிக்கும் முனாஸ் நானா தண்ணீர் ஊற்றினார். தினமும் பின்னேரம் ஐந்தரைக்கு, ஐந்து லீற்றர் எண்ணெய்க் கானில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து, குனிந்து, மெதுவாக.

“வேர் மௌத்தாகல்ல தம்பி, உசிர் இரிக்கி,” என்பார். “கொஞ்சம் பொறுங்க.”

மாதத்துக்கு ஒருமுறை பணிப்பாளரின் அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும், மரம் எப்படி என்று. “நிக்கிது சேர்” என்பார். அதில் பொய் எதுவும் இல்லை.

இந்த அரிய பொருளை விட்டுவைக்க ஒரு பத்திரிகை ஆசிரியனால் முடியுமா? ‘செத்த குச்சிக்கு நீராட்டு விழா’ என்ற தலைப்பில் ‘முள்ளு’வில் எழுதினேன். கல்லூரியே நின்று வாசித்தது. முனாஸ் நானாவும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். நான் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

“நல்லா எழுதிரிக்கீங்க தம்பி,” என்றார். “ஆனா எண்ட பேரப் போடல்லயே. பேரப் போட்டா புள்ளைக்கிக் காட்டலாமே.”

சனூஸாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

“நட்டவங்கட பேரெல்லாம் பலகைல. ஊத்துற மனிசன்ட பேர் உன்ட பகிடிக்கும் உதவாதா?” என்றாள். “நீ ஒருநாளைக்கு ஊத்திப் பாரன்.”

“நானோ?” என்றேன். “என்ர கையால ஒரு சொட்டுத் தண்ணியும் அந்தக் குழிக்குள்ள விழாது. விழுந்தா ‘முள்ளு’வ நானே கிழிச்சு மானுக்குப் போடுறன். எழுதி வை.”

“எழுதத் தேவல்ல. எனக்கு ஞாபகம் இரிக்கும்.”

இந்த வருடம் ஜனவரி நடுப்பகுதியில் கடிதம் வந்தது. பணிப்பாளர் பெப்ரவரி நாலாம் திகதி வருகிறார், தம் மாமரத்தைப் பார்க்க ஆவலாக இருக்கிறார், பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொள்வார். முனாஸ் நானாவின் நியமனப் பத்திரங்கள் அடங்கிய கோவையும் கையோடு வருகிறது.

அதிபர் பாக்கியரத்தினம் அவசரக் கூட்டம் கூட்டினார். அவர், சனூஸா, நான், கதவோரம் முனாஸ் நானா. குச்சியை மேசைமேல் வைக்காத குறை.

“என்ன செய்யிறது?” என்றார் அதிபர். அவருக்கு எல்லாக் கூட்டத்திலும் அதுதான் முதல் வசனம், பல கூட்டங்களில் கடைசி வசனமும்.

“உள்ளதச் சொல்லுவம் சேர்,” என்றாள் சனூஸா. “மான் திண்டது. அதுக்கு நானா என்ன செய்யிற?”

முனாஸ் நானா கதவின் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சொல்லலாம்தான்,” என்றார். “சொன்னா இன்னும் ஏழு வரிஷம்.”

அதிபர் தன் கடைசி வசனத்துக்கு ஆயத்தமானார். அதைத் தடுப்பதற்காகத்தான் நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகப் பகிடிக்குத்தான் சொன்னேன்.

“ஒரு வயசு மாமரம் ஒண்டை எங்கயாவது இரவல் வாங்கி நட்டுவிடுவம் சேர். விழா முடியத் திருப்பிக் குடுக்கலாம்.”

அதிபர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினைந்து வருட நிர்வாகத்தில் அவர் கேட்ட முதல் யோசனை அது போல அவர் முகம் இருந்தது.

“அருமை,” என்றார். “ஆர்ட்டை இருக்கு?”

முனாஸ் நானா என்னைப் பார்த்தார். அதற்கு முன் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நான் ஏதோ பெரிய மனிதன் போல. அந்தப் பார்வைக்குப் பிறகு ‘பகிடி சேர்’ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சனூஸாவின் மாமா முத்தலிப் தோப்பூரில் இருக்கிறார். அவருடைய முற்றத்தில் கறுத்தக்கொழும்பான் கன்று ஒன்று, வயது ஒன்றே கால், வெள்ளைப் பெயின்ற் வாளி ஒன்றுக்குள் நின்றது. நாங்கள் மூவரும் பஸ்ஸில் போய்க் கேட்டபோது அவர் மரத்தையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அரசாங்கத்துக்கு மரம் இல்லாம எண்ட மரமா?”

“ரெண்டு நாளைக்கி மாமா,” என்றாள் சனூஸா. “இந்த நானாட வேல போயிரும்.”

“வேல இன்னும் வரவே இல்ல,” என்று திருத்தினார் முனாஸ் நானா.

முத்தலிப் யோசித்தார். “சரி. ஆனா வாளியோட கொண்டு போங்க, வாளியோட கொண்டு வாங்க. வேரில மண்வெட்டி பட்டா நான் பொல்லாதவன். இலையயும் எண்ணித்தான் தருவன்.”

எண்ணினார். ஒவ்வொரு இலையாகத் தொட்டு, உதட்டை அசைத்து. “முப்பத்தொண்டு. புள்ள, நீயும் எண்ணு.” சனூஸா எண்ணினாள். முப்பத்தொன்று. வாளியின் பக்கத்தில் கறுப்புப் பெயின்ற்றால் ‘முத்தலிப், தோப்பூர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாளி எடுத்தால் தருவதில்லையாம்.

திரும்பும் பஸ்ஸில் முனாஸ் நானா வாளியை மடியில் வைத்துக்கொண்டார். மரம் அவர் முகத்தை மறைத்தது. நடத்துநர் இலைக்குள் எட்டிப் பார்த்து, “ஆள் இருக்கா உள்ளுக்கு?” என்று கேட்டார். கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் யன்னலால் கடற்காற்று அடித்தது. முனாஸ் நானா தன் சேட்டைக் கழற்றி மரத்துக்குப் போர்த்தினார். பெனியனோடு திருகோணமலையில் இறங்கினார். சனூஸா எண்ணினாள்.

“முப்பத்தொண்டு,” என்றாள், என்னைப் பார்க்காமல்.

மூன்றாம் திகதி பின்னேரம் குழியை அகலமாக்கி, வாளியோடு மரத்தை இறக்கி, விளிம்பு தெரியாமல் மண்ணை மூடினோம். கைப்பிடியை மண்ணுக்குள் மடித்துப் புதைத்தோம். பழைய குச்சியை நான் எறியப் போனேன். முனாஸ் நானா அதை வேரோடு வாங்கி, சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் ஊன்றினார். விழாக் காலத்தில் இப்படியான மூடநம்பிக்கைகளை நான் தடுப்பதில்லை.

நான் பின்னால் தள்ளி நின்று மரத்தைப் பார்த்தேன். மேலே எங்கள் மரம். கீழே, மண்ணுக்குள், வேறொருவருடைய வாளி. 1948 முதல் 1957 வரை இந்த நாடு நின்றது சரியாக இப்படித்தான் என்று சனூஸாவுக்கு விளங்கப்படுத்தினேன். கொடி எங்கட, துறைமுகம் அவங்கட.

“வாளி தெரியாம இரிக்கட்டும்,” என்றாள் அவள். “சரித்திரத்தப் பிறகு பாப்பம்.”

நாலாம் திகதி காலை எட்டு மணிக்கே முதல் விருந்தாளி வந்துவிட்டார். வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி, கையில் குடை. முத்தலிப். யாரும் அழைக்கவில்லை.

“என்ன மாமா இங்க?” என்று பதறினாள் சனூஸா.

“சுதந்திர தினம் எல்லாருக்கும்தானே,” என்றார் அவர். நேரே மரத்தடிக்குப் போய் எண்ணிவிட்டு, இரண்டாம் வரிசைக் கதிரையில் மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

பணிப்பாளர் குலசிங்கம் வந்தார். மாமரத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் சொல்லத்தான் வேண்டும். தன் பெயர்ப்பலகையைக் கைலேஞ்சியால் துடைத்தார். இலை ஒன்றைத் தடவினார். இரண்டாம் வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிட்டது.

“முனாஸ்! சொன்னபடி செய்து காட்டிப்போட்டீர்!”

“அல்ஹம்துலில்லாஹ் சேர்,” என்றார் முனாஸ் நானா, சேட்டின் கழுத்துப் பொத்தானைத் தேடிக்கொண்டு. சேட் பையில் அந்தப் பேனை இருந்தது. உறை கழற்றாதது.

கோவை மேசைமேல் இருந்தது. காற்றுக்குப் பறக்காமல் அதிபர் அதன்மேல் ஒரு கல்லை வைத்திருந்தார். கொடி ஏறியது. கீதம் முடிந்தது. அதிபர் ஒலிவாங்கியில் அறிவித்தார்: “நாட்டுக்காக உயிர் நீத்தவர்களுக்காக இப்பொழுது இரண்டு நிமிட மௌனம்.”

எல்லோரும் எழுந்து நின்றோம். கை உடம்போடு, பார்வை நேரே.

வாசலால் மான் வந்தது.

கொம்பு வைத்த ஆண் மான். அவசரமே இல்லை. ஒலிவாங்கியை முகர்ந்தது. பலகைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனது. பன்னிரண்டாவது விருந்தினர் போல மாமரத்துக்கு முன் நின்றது.

அசைய ஏலாது. சத்தம் போட ஏலாது. நாட்டுக்காக உயிர் நீத்தவர்களுக்கான மௌனத்தில் ‘ச்சூ’ என்று சொல்லும் தைரியம் யாருக்கு வரும்? அதிபர் மணிக்கூட்டையே பார்த்தார். பணிப்பாளர் கண்ணை மூடியிருந்தார். முனாஸ் நானா கொடிக்கயிற்றைப் பிடித்தபடி விறைப்பாக நின்றார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை இறங்குவது எனக்குத் தெரிந்தது.

மான் முதல் இலையைப் பறித்தது. நறுக்.

இரண்டாம் வரிசையில் யாரோ மூச்சோடு மூச்சாகச் சொன்னார்கள்: “முப்பது.”

நறுக். “இருபத்தொம்பது.”

நறுக், நறுக். “இருபத்தேழு. யா அல்லாஹ்.”

இருநூறு பேர் நின்ற வளவில் மெல்லும் சத்தமும் முத்தலிப்பின் எண்ணிக்கையும் மட்டும் கேட்டன. பின்வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்கித் தும்மினான். பணிப்பாளர் கண்ணைத் திறக்கவில்லை. அவருடைய தேசபக்தி அவ்வளவு. “பத்தொம்பது... பதினாறு...” முத்தலிப்பின் குரல் உடையத் தொடங்கியது. முனாஸ் நானாவின் கால் ஒன்று முன்னால் வந்தது, திரும்பப் பின்னால் போனது. சனூஸா என்னைப் பார்த்தாள். நான் கொடியைப் பார்த்தேன்.

பதினொன்றில் மான் தலையைத் தாழ்த்தி அடியிலை ஒன்றை எட்டப் பார்த்தது. கொம்பு மண்ணைக் கிளறியது. மடித்துப் புதைத்த கைப்பிடி கொம்பில் மாட்டியது.

மான் பயந்து இழுத்தது. மண் வெடித்தது. மரம் ஆடியது, சரிந்தது, வாளியோடு வெளியே வந்தது. பன்னிரண்டு அடி தூரம் மான் அதை இழுத்துக்கொண்டு போய், தலையை உதறிக் கழற்றிவிட்டு, வாசலால் ஓடியது. வாளி உருண்டு பிரதம விருந்தினரின் சப்பாத்தில் இடித்து நின்றது. ‘முத்தலிப், தோப்பூர்’ என்ற எழுத்து மேலே பார்த்தபடி.

“நாலு!” என்று கத்தினார் முத்தலிப். “நாலே நாலு இலை!”

“மௌனம் நிறைவு பெற்றது,” என்றார் அதிபர்.

பணிப்பாளர் கண்ணைத் திறந்தார். வாளியை வாசித்தார். குழியைப் பார்த்தார். பிறகு முனாஸ் நானாவை.

“முனாஸ். இது என்ர மரமோ?”

முனாஸ் நானா கயிற்றை விட்டுவிட்டு முன்னால் வந்தார். “இல்ல சேர். உங்கட மரம் ஒம்பதாம் நாளே வபாத்து. மான்தான் திண்டது.”

“அப்ப மாசாமாசம் நிக்குது எண்டனீர்?”

“நிண்டது சேர். குச்சி நிண்டது. நான் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் இருந்தன்.”

“அதை எனக்குச் சொல்லுறதுக்கென்ன?”

முனாஸ் நானா மேசைமேல் இருந்த கோவையைப் பார்த்தார். “நிரந்தரம் சேர்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பணிப்பாளர் மூக்கைச் சொறிந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். “மான் திண்டதெண்டு சொல்லியிருந்தா நான் என்ன மானோடயே கோவிக்கிறது? ஒரு வருஷமா வெறுங்குச்சிக்குத் தண்ணி ஊத்தின மனிசன் எண்டு கையெழுத்தை வச்சிருப்பனே. இதென்ன இது, வாளி? ஆற்ற யோசனை இது?”

அதிபர் வானத்தில் ஏதோ பறவையைக் கண்டார். சனூஸா என்னைப் பார்த்தாள். இம்முறை பார்வையை எடுக்கவில்லை.

நான் மூன்றாவது நிமிட மௌனத்தைக் கடைப்பிடித்தேன்.

“எண்ட யோசனதான் சேர்,” என்றார் முனாஸ் நானா.

பணிப்பாளர் பெருமூச்சு விட்டார். கோவையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “சரி. கொண்டாங்கோ புதுக் கண்டை. இன்னொருக்கா நடுவம். அடுத்த பெப்ரவரி நாலுக்கும் வருவன். மரம் நிண்டா கையெழுத்து. நிக்காட்டி, என்ன நடந்ததெண்டு எனக்கு உள்ளபடி சொல்லோணும். ஆனா இனி வாளி கண்டன் எண்டால் இந்தக் கோவையை ஒரேயடியா மூடிப்போடுவன்.”

நட்டார். பன்னிரண்டாவது பலகை ஊன்றப்பட்டது. படம் எடுத்தார்கள். முத்தலிப் நாலு இலையோடு வாளியை அணைத்தபடி எல்லாப் படத்திலும் பின்னால் நிற்கிறார்.

அதன்பிறகு என் பேச்சு. உலகத்திலேயே அதிக தடவை சுதந்திரம் அடைந்த ஊர் திருகோணமலைதான் என்று தொடங்கினேன். நன்றாகக் கைதட்டினார்கள். பாற்சோறும் ஜாம் பணிசும் கொடுத்தார்கள். எனக்கு அன்று பணிஸ் இறங்கவில்லை. ஜாம் பழசு என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை வாசலில் முனாஸ் நானாவைக் கண்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

“நானா, அந்த வாளி விசயம்...”

“விடுங்க தம்பி,” என்றார். “நல்ல யோசனதான். மான் கெடுத்துப் போட்டுது.” கொஞ்சம் யோசித்து, “அடுத்த வரிஷம் மகள் எட்டாம் வகுப்பு,” என்றார். சேட் பையில் பேனைக்குப் பக்கத்தில் பென்சிலும் இருந்தது.

பெப்ரவரி நடுப்பகுதி கடந்து நோன்பு பிறந்தது. நோன்பு திறக்க நேரத்துக்குக் கிண்ணியா போய்ச் சேர வேண்டும் என்பதால் முனாஸ் நானா ஒரு மாதத்துக்கு நாலரைக்கே வெளிக்கிட அனுமதி வாங்கினார். மரத்துக்குக் காலையில் ஊற்றிவிட்டுப் போவதாகச் சொன்னார். மாசி வெயிலுக்கு அது காணுமா என்பது தாவரவியல் படித்தவர்களுக்குரிய கேள்வி. நான் கணக்கியல்.

எனக்கும் பின்னேரம் ஐந்தரைக்குக் கல்லூரியில் சில வேலைகள் இருக்கத் தொடங்கின. வாசிகசாலைக்குப் புத்தகம் திருப்ப வேண்டும். வாசிகசாலை நாலு மணிக்கே பூட்டிவிடும் என்பது எனக்கு முதல் நாள் தெரியாது. மற்ற நாட்களில் மறந்துபோனது. திரும்பி வரும் வழியில் குழாயடி. குழாயடியில் எண்ணெய்க் கான். கானில் தண்ணீர் நிரப்பினால் அது பாரமாக இருக்கும், பாரமானதை யாரும் வெகுதூரம் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். எனவே அதைப் பக்கத்திலேயே எங்காவது ஊற்றுவதுதான் புத்தி. பக்கத்தில் இருந்தது அந்தக் குழி. கொட்டகைக்குப் பின்னால் இருந்த குச்சி இன்னும் பக்கத்தில். அதில் சாம்பல் நிறப் பட்டைக்குள்ளிருந்து கடுகளவு சிவப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது. அழுக்காக இருக்கும்.

என் சைக்கிளையும் கன்றுக்குக் குறுக்கேதான் நிறுத்துவேன். அங்கே நிழல் அதிகம். கன்றின் நிழல் ஒரு சாண் இருக்கும்.

நேற்றுப் பாதித் தண்ணீர் ஊற்றியிருப்பேன். முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. அதே கொம்பு. ஒரு கொம்பில் வெள்ளைப் பெயின்ற் கீறல். என் தோளுக்கு மேலால் கன்றைப் பார்த்தது.

“போ,” என்றேன். போகவில்லை. “மரியாதையாச் சொல்லுறன், போங்கோ,” என்றேன். ஓரடி கிட்ட வந்தது.

பையில் சாப்பாடு எதுவும் இல்லை. புதிய ‘முள்ளு’ இருந்தது, இன்னும் ஒட்டாதது. பதினொரு சுதந்திரங்களின் முழு விபரம், திருத்திய பதிப்பு, நாலு பக்கம். எடுத்து, நீளவாக்கில் கிழித்து, மதிலோரம் கொண்டுபோய்ப் போட்டேன். மான் வந்து முகர்ந்து, ஆசிரியத் தலையங்கத்திலிருந்து தொடங்கியது. டென்மார்க்காரரையும் போர்த்துக்கேயரையும் ஒரே வாயில் முடித்துவிட்டு 1782இல் சற்று நின்று மென்றது.

மேல்மாடி யன்னலில் சனூஸாவின் முக்காடு தெரிந்தது போல இருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. திரும்பி வந்து மிச்சத் தண்ணீரை ஊற்றினேன், குனிந்து, மெதுவாக. வேகமாக ஊற்றினால் மண் கரையும்.

கன்றில் முந்தாநாள் ஆறு இலை. நேற்று ஏழு.